குட்டி நாயைக் கடித்த பெரிய நாய்: வக்கீல் நோட்டீஸுக்கு என்ன பதில்?

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு நான்கு வயது. மனிதர்களிடம் பரம சாது. குட்டி நாய்களைக் கண்டால் மட்டும் விறைத்துக்கொண்டு இழுப்பான். சமீபத்தில் லிஃப்ட் கதவு திறந்ததும், மேல் வீட்டுப் பொமரேனியன் சங்கிலி இல்லாமல் குரைத்தபடி ஓடிவந்தது. எங்களவன் கவ்விவிட்டான், அதற்குக் காலில் தையல். அவர்கள் வாட்ஸ்அப்பில் திட்டியதும், 'சின்ன நாயைக் கண்டா அவன் அப்படித்தான், நீங்கதான் பார்த்துப் போகணும்' என்று பதில் போட்டேன். இப்போது இழப்பீடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. ஜெயிலுக்கு அனுப்புவோம் என்கிறார்கள். நாயை வெளியேற்றச் சொல்கிறது குடியிருப்போர் சங்கம். என்ன செய்வது? இரண்டு நாய்களையும் பழகவிட்டுச் சமாதானம் ஆகலாமா?

பதில்: உங்களுக்குப் பாதகமான முதல் ஆவணம் அந்த நோட்டீஸ் அல்ல, நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் வரிதான். நாய் போன்ற வீட்டு விலங்கு சேதம் விளைவித்தால், அதன் முரட்டுக் குணம் உரிமையாளருக்கு முன்பே தெரியுமா என்று சிவில் நீதிமன்றம் பார்க்கும். தெரியும் என்று உங்கள் கைப்படவே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். அதை இப்போது அழிக்காதீர்கள். எதிர்த்தரப்பிடம் அது இருக்கிறது. நீங்கள் அழித்தால் மறைக்கப் பார்த்தீர்கள் என்ற பேச்சுதான் மிஞ்சும்.

உங்களுக்குச் சாதகமானதும் உண்டு. அந்த நாய் கயிறு இல்லாமல் வந்தது. அவர்களுடைய கவனக்குறைவும் சேர்ந்தே சம்பவம் நடந்தது என்று காட்டினால் இழப்பீடு குறையும். லிஃப்ட் வாசலில் கேமரா இருந்தால் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லிச் சங்கத்துக்கு இன்றே எழுத்தில் கொடுங்கள். பழைய பதிவுகள் தானாக அழிந்துபோகும்.

ஜெயில் மிரட்டலுக்கு வருவோம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, விலங்கை வைத்திருப்பவரின் அலட்சியத்தைப் பற்றியது. தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது மனித உயிருக்கும் மனிதருக்கு ஏற்படக்கூடிய கொடுங்காயத்துக்கும் உள்ள ஆபத்தை; இன்னொரு நாய்க்கு வரும் ஆபத்தை அல்ல. விலங்கை ஊனப்படுத்துவதற்கான 325-ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. அதற்கு, சேதம் செய்யும் எண்ணம் அல்லது அது நேரும் என்ற அறிவு நிரூபணமாக வேண்டும். நீங்கள் ஏவிவிடவில்லை, எதிர்பாராமல் நடந்த சம்பவத்தில் அதை நிரூபிப்பது கடினம்.

இதைப் படித்து நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். குட்டி நாய்க்காரர் பயந்தால் என்ன செய்வார்? சட்டென்று அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்வார். பெரிய நாய் அதைக் குறிவைத்து எம்பும். பல் படுவது அவருடைய முழங்கையிலோ முகத்திலோதான். அந்த நொடியில் விவகாரம் 291-க்குள் வந்துவிடும், உங்கள் வாட்ஸ்அப் வரியும் கூடவே வரும்.

ஆகவே இனி நீங்கள் எடுக்கும் முன்னெச்சரிக்கைதான் உங்கள் வாதம். இழுக்க இழுக்க நீளும் லீஷைத் தூக்கிப் போடுங்கள். குட்டையான, உறுதியான கயிறு போதும். வாய்மூடி போட்டால், வாயைத் திறந்து மூச்சுவாங்க இடம் தரும் கூடை வகையைப் போடுங்கள், வீட்டிலேயே சில நாள் பழக்கிவிட்டு. உள்ளே நாய் இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருங்கள். தகுதியான பயிற்சியாளரிடம் காட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசிச் சான்று, உள்ளாட்சி உரிமம் இரண்டும் நடப்பில் இருக்கட்டும். 'நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவிடுகிறேன்' என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். நியாயமற்ற நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதும், வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயை நடத்திச் செல்லாமல் விடுவதும் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆம் பிரிவின் கீழ் குற்றம்.

சங்கத்தின் கடிதத்துக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். வளர்ப்பு நாயை வெளியேற்றச் சொல்லும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை என்பது இந்திய விலங்குகள் நல வாரிய வழிகாட்டுதலின் நிலை. பொது இடங்களில் கயிறு கட்டச் சொல்லலாம். அதற்கு ஒத்துக்கொண்டு மரியாதையாகப் பதில் எழுதுங்கள்.

நோட்டீஸுக்குக் கெடுவுக்குள் வக்கீல் மூலம் பதில் போயாக வேண்டும். மருத்துவச் செலவுக்கான அசல் பில்களைக் கேளுங்கள். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல், நல்லெண்ண அடிப்படையில் அந்தச் செலவை ஏற்கத் தயார் என்று எழுதலாம். என் யோசனை, ஏற்றுவிடுங்கள். வழக்கு நடத்தும் செலவு தையல் செலவைத் தாண்டிவிடும். மன உளைச்சலுக்கு என்று கேட்கும் பெருந்தொகையை மறுங்கள். தொகையில் இழுபறி வந்தால், வழக்குக்கு முன்பே சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் லோக் அதாலத்துக்கு, அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே ஏற்படும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம்.

நாய்களைப் பழகவிடும் யோசனையை இப்போதைக்குக் கைவிடுங்கள். பயிற்சியாளர் சரி என்று சொல்லி, மேல் வீட்டுக்காரரும் எழுத்தில் சம்மதித்தால் பிறகு பார்க்கலாம்.