நீல் தீவு பாறை வளைவு: எந்த நேரத்தில் போவது?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். நீல் தீவில் இருக்கும் இயற்கைப் பாறை வளைவுக்கு எந்த நேரத்தில் போவது நல்லது? அம்மாவுக்கு 66 வயது, மூட்டு வலி உண்டு. வளைவின் மேல் ஏறிப் படம் எடுக்க முடியுமா?

பதில்: காலையா மாலையா என்பதை முடிவு செய்வது கடல்தான். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் இருக்கும் இந்த வளைவுக்குத் தண்ணீர் வற்றியிருக்கும்போது மட்டுமே நடந்து போக முடியும். மற்ற நேரத்தில் அந்தப் பாறைத் தரை முழுக்கக் கடலுக்கு அடியில் கிடக்கும்.

அங்கே கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றும். அந்த நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 8 மணிக்கு வற்றினால், நாளை 9 மணியை நெருங்கிவிடும். போன வாரம் போய் வந்தவர் சொல்லும் நேரம் உங்களுக்கு உதவாது. வீட்டுக் காலண்டரையும் ஒருமுறை பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக உள்வாங்கும். அஷ்டமி பக்கம் அவ்வளவாக வற்றாது. போர்ட் பிளேருக்கான (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலைப் பார்த்தால் சரியான நேரம் கிடைத்துவிடும், தங்கும் விடுதியில் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே கடற்கரையில் இருங்கள். தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள். டிசம்பரில் அங்கே மாலை 5 மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும் என்பதால், மாலை வற்றம் தாமதமாக வந்தால் அதை விட்டுவிட்டு மறுநாள் காலை போவதே மேல். இதனால்தான் நீல் தீவில் ஒரு இரவாவது தங்கச் சொல்கிறேன். காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணத்தில் கப்பல் நேரமும் கடல் நேரமும் ஒத்துவருவது அதிர்ஷ்டம்தான்.

அம்மா விஷயம். கடைகளைத் தாண்டி இறங்கியதும் வருவது வெறும் மணல் இல்லை. செத்த பவளப் பாறை, ஒவ்வொரு அடியும் மேடு பள்ளம், பாசி படிந்த இடத்தில் வழுக்கும், வழுக்காத இடத்தில் காலைக் கிழிக்கும். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். பின்பக்கம் வார் உள்ள, நல்ல பிடிப்பான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். கைத்தடியும் பிடித்துக்கொள்ள ஒரு ஆளும் இருந்தால் அம்மா மெதுவாக வரலாம். வலி அதிகமுள்ள நாளென்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். முதலாம் லட்சுமண்பூர் கடற்கரையில் நல்ல மணல், உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கலாம்.

வளைவின் மேல் ஏறாதீர்கள், தயவுசெய்து. அலை அடியில் அரித்து அரித்துத்தான் இந்த வளைவே உருவானது, அந்த அரிப்பு இன்னும் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா கடற்கரையில் 'லண்டன் பிரிட்ஜ்' என்று பெயர்பெற்ற பாறைப் பாலத்தின் ஒரு பகுதி 1990 ஜனவரியில் இடிந்து விழுந்தது. கடல் பக்கம் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை ஹெலிகாப்டரில்தான் மீட்டார்கள். மால்டாவின் 'அசூர் விண்டோ' என்ற பாறை வளைவு 2017 மார்ச்சில் ஒரு புயலில் முழுவதுமாகக் கடலுக்குள் போய்விட்டது. நேற்று உறுதியாக நின்றது என்பதற்காக இன்றும் நிற்கும் என்று சொல்ல முடியாது. எதிரே கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தால் வளைவும் பின்னால் கடலும் ஒரே படத்தில் சேர்ந்து வரும், அதுதான் அழகு.

என்னைக் கேட்டால், வளைவைவிட அதன் காலடியில் இருப்பதுதான் விசேஷம். குழிகளில் தேங்கிய நீரில் கடல் வெள்ளரி, நண்டு, முள்முள்ளாகச் சிலிர்த்த கடல் முள்ளெலி, சின்ன மீன்கள் எல்லாம் இருக்கும். குனிந்து நின்று கொஞ்ச நேரம் அசையாமல் பாருங்கள், ஒவ்வொன்றாக வெளியே வரும். உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிப்போனால் இன்னும் நிறையக் கண்ணில் படும். ஆனால் எதையும் கையில் தூக்கிக் காட்டச் சொல்லாதீர்கள். பவளம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. கரையில் ஒதுங்கிய செத்த துண்டாக இருந்தாலும் பையில் போட வேண்டாம். விமான நிலைய சோதனையில் பிடிபடும். குழந்தைகளுக்கு இதைக் கடற்கரையில் இறங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.