வாடகை வீடு: சாவி வாங்கும் நாளில் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

கேள்வி: மதுரையிலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வருகிறேன். வேளச்சேரியில் மாதம் 20,000 ரூபாய் வாடகையில் அடுக்குமாடி வீடு ஒன்று அமைந்திருக்கிறது. ஆறு மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். இன்றே டோக்கன் போடாவிட்டால் வீடு கைவிட்டுப் போகும் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். மொத்தம் எவ்வளவு தேவைப்படும்?

பதில்: அட்வான்ஸ் 1,20,000, முதல் மாத வாடகை 20,000, தரகர் வழக்கமாகக் கேட்கும் ஒரு மாத வாடகை 20,000 என்று 1,60,000 ரூபாய் ஆகிறது. பராமரிப்புக் கட்டணம், சாமான் ஏற்றி இறக்கும் கூலி, சில்லறைச் செலவுகள் ஆகியவற்றுக்கு மேலும் 25,000 ரூபாயை ஒதுக்கி வையுங்கள்.

இதில் குறைக்கக்கூடியது அட்வான்ஸ்தான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு பொருந்தாது என்றும் அதே பிரிவே சொல்கிறது. வேறு வீடு கிடைக்காத தவிப்பில் போடும் கையெழுத்தையும் ஒப்புதல் என்றே எடுத்துக்கொள்வார்கள். வரம்பு விதித்த கையாலேயே வாசலையும் திறந்து வைத்த சட்டத்தை என்னவென்று சொல்வது? ஆகவே ‘ஆறு மாதம்’ என்ற சொல் பத்திரத்தில் ஏறுவதற்கு முன்பே, மூன்று மாதம் என்று பேசிப் பாருங்கள்; ஏறிய பிறகு சட்டத்தைக் காட்டிப் பயனில்லை.

டோக்கன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உரிமையாளரை நேரில் பார்க்காமல், சொத்து வரி ரசீதிலும் மின்கட்டண ரசீதிலும் உள்ள பெயரை ஒப்பிடாமல், ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். தரும்போதும் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், தரகரின் கைப்பேசி எண்ணுக்கு அல்ல. மாத வாடகைக்கு எடுத்த வீட்டைத் தன் வீடு போலக் காட்டி, லட்சக்கணக்கில் போக்கியப் பணம் (மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாகத் தரும் தொகை) வாங்கிக்கொண்டு தலைமறைவாகும் இடைத்தரகர்கள் இந்த நகரத்துக்குப் புதியவர்கள் அல்லர். உண்மையான வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டும்வரை குடியிருப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. அவசரப்படுத்தும் தரகரிடம் ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

பதினொரு மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு தேவையில்லை என்பார்கள். ஆனால் மேலே சொன்ன வாடகைச் சட்டப்படி, காலம் எதுவானாலும் 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பலர் செய்வதில்லை, கேட்பாரும் இல்லை, நீங்கள் வற்புறுத்துங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டமே. ஆனால் வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. அந்தத் தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் குடியிருந்தால் பிடிப்பார்கள் என்பதை இப்போதே பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.