சங்கிலியை அடகு வைக்கும் முன் ஸ்டோருக்கு ஒரு தடவை போய் வாருங்கள்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். கணவர் ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை உலர்த்தும் ட்ரையரைப் பார்க்கிறவர். மகன் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. மூன்று பாடமும் சாதாரண சித்தி, பல்கலைக்கழகத்துக்குப் போதாது. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் தாய்மாமன் ஒரு தனியார் நிறுவனத்தில் வியாபார முகாமைத்துவப் பட்டப்படிப்புக்கு இடம் பேசிவிட்டாராம். மொத்தச் செலவு 12 இலட்சம் ரூபா. முதல் தவணைக்குச் சங்கிலியை அடகு வைப்பதா, அப்பாவின் ஈ.பி.எஃப்பில் (ஊழியர் சேமலாப நிதியில்) கை வைப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. "பையன் வாயே திறக்க மாட்டேன் என்கிறான். படிப்பில் கவனமே இல்லை. எந்நேரமும் ஸ்டோர் ஃபிட்டர் பின்னாலேயே சுற்றுகிறான். திருவிழாவுக்கு லைட் போடப் போய்விடுகிறான். லயத்து வீடுகளின் தண்ணீர் மோட்டார் பழுதானால் எல்லோரும் இவனைத்தான் கூப்பிடுகிறார்கள்" என்று குறையாக எழுதியிருக்கிறார்.

அக்கா, கவலைப்படாதீர்கள், எல்லாம் நல்லபடி நடக்கும் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை வாசித்த பிறகு அப்படி எழுத மனம் வரவில்லை. அந்த 12 இலட்சத்தை நினைத்து நீங்கள் பயப்படுவது நியாயம். பையனை நினைத்து ஏன் பயப்படுகிறீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

முதலில் காசுக் கணக்கைப் பார்ப்போம். 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தக் கணக்கில் 12 இலட்சம் என்றால் ஏறக்குறைய 890 பேர், அதாவது 890 நாள் வேலை. மாதம் 25 பேர் விழுந்தாலும் மூன்று வருடச் சம்பளம் அப்படியே போகும். அதுவும் அரைப்பேர் இல்லாமல், தொழிற்சங்கச் சந்தா வெட்டாமல், வீட்டில் ஒருவரும் சோறு சாப்பிடாமல். கொழும்பில் அவன் தங்கும் அறை, சாப்பாடு, பஸ் காசு இதில் சேரவில்லை. ஈ.பி.எஃப்பிலிருந்து இடையில் எடுப்பதற்குச் சட்டம் விட்டிருக்கும் வழி வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான். படிப்புக்கு என்று எடுக்கப் போனால் அங்கே பொய் சொல்லித்தான் எடுக்க வேண்டும். அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

இடம் பேசிய உங்கள் தம்பியிடம் ஒன்று கேளுங்கள். இந்தப் பட்டத்தை முடித்தால் எந்தக் கம்பனி, என்ன வேலை, தொடக்கச் சம்பளம் எவ்வளவு? "கொழும்பில் வேலைக்கா பஞ்சம்" என்று சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் பாசத்தில்தான் சொல்கிறார், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

எந்தப் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: பயிற்சி தொடங்கும் முன்பே, "இந்தப் பிள்ளையை என் இடத்தில் வைத்துப் பழக்குகிறேன்" என்று கையெழுத்துப் போட்ட தொழில் கொடுப்பவர் ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் மேலே பேசுவோம். இல்லாவிட்டால் நாம் வாங்குவது ஒரு காகிதம்.

ஆசிரியர் கலாசாலை, கிராம சேவகர் பரீட்சை, வெளிநாட்டு ஏஜென்சி எல்லாவற்றையும் ஏற்கெனவே ஆயிரம் பேர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது உங்கள் பையன் தினமும் போய் நிற்கிற அதே ஸ்டோரைப் பற்றி.

நைட்டா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுப்பெயர் தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை. 1971இலேயே பயிலுநர் சட்டம் ஒன்று வந்து, அதற்கென ஒரு சபையும் இருந்தது. இன்றைய அதிகாரசபை 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. இதில் நிறுவனம் சார்ந்த பயிலுநர் பயிற்சி என்று ஒன்று உண்டு. வகுப்பறையில் உட்கார வைப்பதற்குப் பதிலாகப் பிள்ளையை ஒரு வேலைத்தலத்திலேயே சேர்க்கிறார்கள். பிள்ளை, நிறுவனம், நைட்டா ஆகிய மூன்று தரப்பும் ஒப்பந்தத்துக்குள் வருகின்றன. இடையிடையே நைட்டாவின் பரிசோதகர் வந்து என்ன பழகியிருக்கிறான் என்று பார்ப்பார். முடிவில் மதிப்பீடு, அதில் தேறினால் என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். படிப்புக் கட்டணம் என்று இலட்சக்கணக்கில் கட்டுவதற்கு இங்கே ஒன்றும் இல்லை. பயிலுநருக்குக் கொடுப்பனவு உண்டு. அது இடத்துக்கு இடம் மாறும், ஆகவே தொகையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

ஒரு தேயிலை ஸ்டோருக்குள் என்ன இருக்கிறது என்று பையனுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். மாமாவுக்குத்தான் மறந்துபோய்விட்டது. கொழுந்து வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றாடிகள், ரோலர்கள், அடுப்பு, ட்ரையர், சல்லடைகள். இப்போது பல இடங்களில் தேயிலையை நிறம் பார்த்துப் பிரிக்கும் மின்னணு இயந்திரங்களும் வந்துவிட்டன. இத்தனைக்கும் மோட்டார், பெயரிங், ஸ்டார்ட்டர், கட்டுப்பாட்டுப் பலகை, வெப்பம் அளக்கும் கருவி. ராத்திரி பதினொரு மணிக்கு ரோலர் மோட்டார் நின்றால் வாடிய கொழுந்து விடியும்வரை காத்திருக்காது. அன்றைய தேயிலையின் தரம் போய்விடும், ஏலத்தில் விலை விழும். அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை ஸ்டோரை நடத்தும் எந்த டீமேக்கரால் பொறுத்திருக்க முடியும்? பக்கத்து டிவிஷனிலேயே ஒரு நல்ல மின்தொழில்நுட்பவியலாளன் இருந்தால் அவனைக் கையோடு வைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்.

அந்த வேலை ஸ்டோரோடு நின்றுவிடுவதும் இல்லை. நுவரெலியா ஹோட்டல்களில் சுடுநீர்க் கொதிகலன், குளிர் அறை, ஜெனரேட்டர். அம்பேவலைப் பக்கம் பால் பதனிடும் ஆலை. தலவாக்கலையில் 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்நிலையம் 2012இலிருந்து ஓடுகிறது, லக்ஷபானப் பக்கம் அதைவிடப் பழைய மின்நிலையங்கள், ஆறுகளின் ஓரங்களில் சிறு நீர்மின் நிலையங்கள். மோட்டாரும் மின்சாரமும் தெரிந்த கைக்கு இத்தனை வாசல்கள். எல்லாம் ஹற்றனிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம், அல்லது கொஞ்சம் கூட.

பிறகு ஏன் இந்த வழி ஒருவர் கண்ணிலும் படவில்லை? இதைச் சேர்த்துவைக்க வேண்டியவர்கள் ஒரே மேசையில் உட்காருவது குறைவு. பிரதேச செயலகத்தில் மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். தொழிற்பயிற்சி அதிகாரசபை தனி, நைட்டா தனி, இளைஞர் சேவைகள் மன்றம் தனி. தோட்டத்துக்குள் வந்தால் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். 1992இல் தோட்ட முகாமைத்துவம் கம்பனிகளின் கைக்குப் போனபோது, அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து நடத்துவதற்காக உருவானது அது. அதாவது முத்தரப்புக் கூட்டு என்பது மலையகத்துக்குப் புதிய சங்கதி இல்லை. வீடு, மலசலகூடம், பிள்ளை மடுவம் (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) என்று அதனால் நடந்த வேலைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. இளைஞர் தொழில் என்று வந்தால் மட்டும் அவரவர் கணக்குக்கு ஒரு தையல் வகுப்பு, ஒரு கணினி வகுப்பு, முடிவில் சான்றிதழோடு படம். ஸ்டோருக்கு எத்தனை ஃபிட்டர் வேண்டும் என்று டீமேக்கரிடம் போய் ஒருவரும் கேட்பதில்லை.

இதற்குப் பழைய காரணமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட இடம் கொடுக்கவில்லை. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது வருடம் தோட்டம் ஒரு பக்கம், ஊராட்சி ஒரு பக்கம் என்று இருந்தால் அதிகாரிகளுக்கும் அதே பழக்கம்தான் வரும். ஜெர்மனியில் பயிலுநரின் இறுதித் தேர்வையே அந்தந்தப் பகுதியின் தொழில் வர்த்தக சம்மேளனம்தான் நடத்துகிறது. யாருக்கு ஆள் தேவையோ அவர்களே மதிப்பிடுகிறார்கள். இங்கே அந்தக் கூட்டை யாராவது கட்டித் தரும்வரை காத்திருந்தால் உங்கள் மகனுக்கு முப்பது வயதாகிவிடும். ஆகவே ஒரு பிள்ளைக்கு மட்டும் அந்தக் கூட்டை நீங்களே கட்டுங்கள். கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறது, நடைமுறையில் மூன்று இடங்களுக்கு நடப்பதுதான்.

முதலில் ஸ்டோர். அப்பாவும் பையனும் சேர்ந்து டீமேக்கரைப் பார்க்க வேண்டும். வேலை கொடுங்கள் என்று கேட்க வேண்டாம், நைட்டா மூலம் பயிலுநராக எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள். அவர் சரி என்றாலும் துரையின் (தோட்ட முகாமையாளரின்) சம்மதம் வேண்டும், அதற்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போங்கள். தோட்டத்தில் சரிவராவிட்டால் பக்கத்துத் தோட்டம், அல்லது ஹற்றனில் மோட்டார் சுற்றும் பட்டறை. அடுத்தது பிரதேச செயலகம். மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் பெயரைப் பதிந்து, தொழிற்சந்தை எப்போது என்றும் கேட்டு வாருங்கள். மூன்றாவது நைட்டாவின் மாவட்ட அலுவலகம். அங்கே கேட்க வேண்டியது: இந்தத் தொழிலுக்கு எத்தனையாம் மட்டச் சான்றிதழ் கிடைக்கும், எவ்வளவு காலம், மதிப்பீடு தமிழில் நடக்குமா? மொழி விஷயத்தைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். சிங்களத்தில் மட்டும் நடக்கும் வகுப்பில் சேர்ந்துவிட்டு இடையில் விட்டு வந்த பிள்ளைகள் நம் பக்கம் நிறைய. அதற்காக அவன் சிங்களம் பழகாமல் இருக்கவும் கூடாது, வேலைத்தலத்தில் அது கட்டாயம் தேவைப்படும்.

தபால் முகவரியில் மட்டும் கவனமாக இருங்கள். லயத்துக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து, நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வரும் கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெரிந்த கடை ஒன்றின் முகவரியைக் கொடுங்கள், வேலை செய்கிற போன் நம்பர் இரண்டு கொடுங்கள்.

"அப்போ பட்டம்?" என்று தம்பி கேட்பார். கேட்கட்டும். என்.வி.கியூ.வில் ஏழு மட்டங்கள். நான்குவரை தேசிய சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். கண்டியிலும் பதுளையிலும் தொழில்நுட்பவியல் கல்லூரிகள் இருக்கின்றன. இரத்மலானையில் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் (யூனிவோடெக்) இந்த வழியில் ஏறி வருகிறவர்களுக்காகவே தொடங்கப்பட்டது. வர்த்தகப் பிரிவில் எடுத்த பெறுபேறும் வீணில்லை. நாளைக்குச் சொந்தப் பட்டறை போட்டால் கணக்கு எழுதத் தெரிந்த மின்தொழிலாளியாக இருப்பான், அப்படிப்பட்டவர்கள் ஹற்றன் கடைவீதியில் அதிகம் இல்லை.

உறவினர் மத்தியில் "ஃபிட்டர் வேலைக்கு விட்டுட்டாங்க" என்ற பேச்சு வரும். கல்யாண வீட்டில் வரும், திருவிழாவில் வரும். அந்தப் பேச்சுக்காக 12 இலட்சம் கட்டுவீர்களா? பையன் வாய் திறப்பதில்லை என்கிறீர்கள். பள்ளிக்கூடத்தில் வர்த்தகப் பிரிவு எடுக்கச் சொன்னது யார் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அவன் விருப்பம் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறது, நீங்கள்தான் அதைக் குற்றப்பட்டியலாக எழுதியிருக்கிறீர்கள். நாளை இரவு அவனிடம், "மோட்டார் வேலை பழக இஷ்டமா?" என்று நேராகக் கேளுங்கள். வேண்டாம் என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், வேறு பார்ப்போம். இஷ்டம் என்றால், மாமாவுக்குப் போன் எடுத்து முதல் தவணையைக் கட்ட வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முற்பணம் ஏதும் கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டை வாங்கி வைத்து, திருப்பிக் கேட்டு எழுத்தில் கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது அவன் அப்பாவுக்கு. இத்தனை வருடம் ட்ரையரைப் பார்த்த மனிதரின் கையில் ஒரு சான்றிதழும் இல்லை. வகுப்புக்குப் போகாமலே, ஏற்கெனவே தெரிந்த வேலையை மதிப்பிட்டு என்.வி.கியூ. கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். செய்த வேலைக்கான ஆதாரங்களைக் கோவையாக்கிக் கொடுத்து, மதிப்பீட்டாளர் முன் வேலையைச் செய்து காட்ட வேண்டும். மகனை நைட்டாவுக்குக் கூட்டிப்போகும் அன்றைக்கே, தன் வேலைக்கு அந்த மதிப்பீடு இருக்கிறதா என்று அவரையும் கேட்டு வரச் சொல்லுங்கள். சேவைக் கடிதம் ஒன்றைத் தோட்ட அலுவலகத்தில் இப்போதே கேட்டு வைக்கட்டும், அதற்குத்தான் நாள் பிடிக்கும்.