கீழே விழாமல் இருக்க: கேள்விகளும் என் பதில்களும்

கும்பகோணத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதில் எவ்வளவோ தடுத்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்ளும். அதற்காகத்தான் விழுவதைப் பற்றி உங்கள் கேள்விகளை அனுப்பச் சொன்னேன். நிறைய வந்துவிட்டன.

திருவையாறு: அம்மாவுக்கு 71 வயது. இரண்டு தடவை விழுந்துவிட்டார்கள், இரண்டுமே விடியற்காலையில் பாத்ரூம் போகும்போது. பயந்துபோய் இப்போது நடக்கவே விடுவதில்லை. சரிதானே?

சரியில்லை தம்பி. நடக்க விடாமல் வைத்தால் தொடையில் இருக்கிற பலமும் போய்விடும், அடுத்த விழுதல் சீக்கிரம் வரும்.

இரண்டு தடவையும் விடியற்காலை என்கிறீர்கள், அதைக் கவனியுங்கள். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும். படுக்கையில் ஒரு தடவை பிரஷர் பாருங்கள்; எழுந்து நின்றதும் ஒரு தடவை, மூன்றாவது நிமிடம் ஒரு தடவை. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை இரண்டையும் குறிப்பாகக் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

எழும்போது கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் பத்துப் பதினைந்து தடவை அசைக்கட்டும். பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நின்று, தலை தெளிவாக இருந்தால் நடக்கட்டும். வழியில் இரவு முழுக்க ஒரு சின்ன விளக்கு எரியட்டும். பகலில், சுவரை ஒட்டிப் போட்ட கனமான மர நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். முடியாவிட்டால் முதல் சில வாரம் கை ஊன்றலாம். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால் தூக்கி இறக்கட்டும். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அது வழுக்கும்.

மயிலாடுதுறை: ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்கு மாமியாரை அழைத்துப் போகலாமா? 68 வயது.

தாராளமாக. ஆனால் ஆற்றில் தண்ணீர் ஏறி இறங்கும் காலம் அது. தண்ணீர் வடிந்து புதிதாக வெளியே தெரிகிற படியில்தான் பாசி வழவழவென்று படிந்திருக்கும், பார்த்தால் வெறும் ஈரம் போலவே இருக்கும். அந்தப் படியில் பக்கவாட்டாகக் காலை வைத்து இறங்கட்டும். நீங்கள் ஒரு படி கீழே நின்று கை கொடுங்கள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள், நனைந்த கொசுவம் காலைச் சுற்றும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு படித்துறைக்கு வரவே கூடாது.

தஞ்சாவூர்: எந்தக் கால்சியம் மாத்திரை நல்லது?

கால்சியம் எலும்புக்கு. உங்களைத் தாங்கி நிற்பது தசை. மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

மன்னார்குடி: எனக்கு 34. வீட்டிலிருந்தே ஐடி வேலை. இதெல்லாம் இப்போதே தேவையா?

தேவை. தசை குறைவது முப்பதுகளிலேயே ஆரம்பித்துவிடும். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நின்று பாருங்கள். பத்து நொடிக்குள் தடுமாறினால் தினமும் செய்யுங்கள். மாடிப்படியில் போன் பார்க்காதீர்கள். பரண்மேல் இருப்பதை எடுக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறாதீர்கள். உங்கள் வயதில் என்னிடம் வருகிறவர்கள் பலரும் அப்படி விழுந்தவர்கள்தான்.

பட்டுக்கோட்டை: தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டதால்தான் எல்லோரும் விழுகிறார்கள் என்கிறார் என் மாமனார். முட்டி தேயும் என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?

மாமனார் பக்கம் நியாயம் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து எழுகிறவர் தொடை, இடுப்பு, கணுக்கால், சமநிலை எல்லாவற்றையும் ஒரே வேலையில் பழக்குகிறார். பிரேசிலில் 51 முதல் 80 வயதுக்காரர்களைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி 2012-ல் ஓர் ஆய்வு வெளியானது. கையோ முட்டியோ ஊன்றாமல் எழுந்தவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு குறைவாக இருந்தது. தரையில் உட்கார்ந்ததால்தான் ஆயுசு கூடியது என்று அதற்கு அர்த்தமில்லை. நல்ல உடம்பின் அடையாளம் அது.

நாகப்பட்டினம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: அப்படியானால் வெஸ்டர்ன் டாய்லெட்டை இடித்துவிடலாமா? முட்டி வலிக்காரர்கள் என்ன செய்வது?

ஐயா, இடிக்கச் சொல்லவில்லை. முட்டி தேய்ந்தவருக்கு வெஸ்டர்ன்தான், பக்கத்தில் சுவரில் கைப்பிடியும் அடித்துவிடுங்கள். நான் சொல்வது நன்றாக எழுந்து உட்கார முடிகிறவரைப் பற்றி. வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக அவர் அதை நிறுத்தக் கூடாது.

திருத்துறைப்பூண்டி: நாற்பது வருஷம் நடவு நட்டவள் நான். தரையில் உட்காராத நாளில்லை. 63 வயதில் எழ முடியவில்லையே, ஏன்?

அக்கா, உங்கள் கேள்விதான் இந்த விவாதத்தில் முக்கியமானது. நடவு நாள் முழுக்கக் குனிந்து செய்கிற வேலை. இடுப்புக்கும் முட்டிக்கும் அது பாரம்தான், உட்கார்ந்து எழுகிற பயிற்சி ஆகாது. உழைத்த உடம்பு என்று நாமும் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். முதலில் முட்டியைக் காட்டுங்கள். அதுவரை தரை வேண்டாம். திண்ணை உயரத்தில் உட்கார்ந்து எழுங்கள், காலையில் பத்து, மாலையில் பத்து. வலி கூடினால் நிறுத்துங்கள்.

ஒரத்தநாடு: கால்சியம், வைட்டமின் டி எதை எப்போது சாப்பிடலாம்?

இதே கேள்வி ஏழெட்டுப் பேரிடமிருந்து. மேலே தஞ்சாவூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சீர்காழி: படுக்கையில் புரண்டால் வீடே சுற்றுகிறது.

காது மூக்குத் தொண்டை டாக்டரைப் பாருங்கள். உள்காதுப் பிரச்சினையாக இருந்தால் தலையைத் திருப்பிச் செய்கிற பயிற்சியிலேயே பலருக்குச் சரியாகும்.

பாபநாசம்: எட்டு மாதக் குழந்தைக்கு வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். படியில் உருண்டு தலையில் அடிபடும். கனடாவில் 2004-லிருந்து விற்பனைக்கே தடை. தரையில் தவழ விடுங்கள்.

திருவாரூர்: விழுந்தவரை எப்படித் தூக்குவது?

அக்குளில் கை கொடுத்து உடனே தூக்காதீர்கள். எங்கே வலி என்று கேளுங்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு முறிந்திருக்கலாம்: அசைக்காமல், எண்ணெய் தடவாமல், 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலி இல்லையென்றால் பக்கவாட்டாகப் புரண்டு, முட்டி போட்டு, கனமான நாற்காலியைப் பிடித்து அவரே எழட்டும், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அந்த நாற்காலியும் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது.