வார் போட்டால் ஏன் 3, 3, 3 வருகிறது?

ஜாவாஸ்கிரிப்ட்டில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப்பில் 'ஐ' (i) என்ற மாறியை வார் (var) போட்டு அறிவித்து, 0 முதல் 2 வரை ஓட்டி, உள்ளே செட்டைம்அவுட் (setTimeout, ஒரு ஃபங்ஷனைச் சற்றுத் தள்ளி ஓடவைப்பது) வைத்து அச்சிட்டால் 0, 1, 2 வராமல் மூன்று முறையும் 3 வருவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

காரணம் வார். அதில் அறிவித்த மாறி அந்த ஃபங்ஷன் முழுவதற்கும் சொந்தம்; நெளிவு அடைப்புக்குறிகளை அது கண்டுகொள்ளாது. லூப் எத்தனை சுற்று சுற்றினாலும் 'ஐ' ஒன்றே ஒன்றுதான். செட்டைம்அவுட்டுக்குக் கொடுத்த ஃபங்ஷன், காத்திருக்கும் நேரம் 0 என்றாலும், ஓடிக்கொண்டிருக்கும் கோடு (code) முழுக்க முடிந்த பிறகே ஓடும். அதற்குள் 'ஐ' 3 ஆகி லூப் நின்றுவிட்டது. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள்: அந்த ஃபங்ஷன் மதிப்பை நகலெடுத்து வைப்பதில்லை, மாறியையே பிடித்து வைத்திருக்கிறது. மூன்று ஃபங்ஷன்களும் பார்ப்பது அதே 'ஐ'யைத்தான்.

சரி, வாரை எடுத்துவிட்டு லெட் (let) போடுங்கள். 0, 1, 2 வரும். 2015-இல் ஜாவாஸ்கிரிப்ட்டின் இஎஸ்6 (ES6) பதிப்புடன் வந்த லெட்டுக்கு எல்லை அந்த பிளாக், அதாவது நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் இருக்கும் பகுதி மட்டுமே. ஃபார் லூப்பில் அது ஒவ்வொரு சுற்றுக்கும் தனியாக ஒரு புது 'ஐ'யை உருவாக்கித் தருகிறது.

அப்புறம் இன்னொன்று. அறிவிப்பு வரிக்கு முன்பே வார் மாறியைப் படித்தால் 'அன்டிஃபைன்ட்' (undefined, மதிப்பு இன்னும் இல்லை) என்று சத்தமில்லாமல் வரும். லெட் உடனே ரெஃபரன்ஸ்எரர் (ReferenceError) என்ற பிழையைக் கொடுத்துவிடும். தவறை அங்கேயே காட்டிக்கொடுப்பது பெரிய உதவி. புதிதாக எழுதும் கோடில் வார் வேண்டவே வேண்டாம் என்பேன். மதிப்பு மாறாத இடத்தில் கான்ஸ்ட் (const, மறுபடி மதிப்பு கொடுக்க விடாதது) போடுங்கள். ஆனால் இந்த லூப்பில் 'ஐ' கூடிக்கொண்டே போவதால், கான்ஸ்ட் போட்டால் முதல் சுற்று முடிந்ததும் டைப்எரர் (TypeError) என்ற பிழை வரும்.