டிரெய்லர் கூரையில் சோலார் பேனல்: ஒட்டலாமா, ஸ்க்ரூ போடலாமா?

கேள்வி: எங்களுடையது பழைய டிராவல் டிரெய்லர். மேலே வெள்ளை ரப்பர் கூரை. 100 வாட் பேனல் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். கூரையில் துளை போட்டால் மழைக்கு ஒழுகுமே என்று பயமாக இருக்கிறது. பலமான இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டிவிட்டாலே போதும் என்கிறார் நண்பர். நெடுஞ்சாலை வேகத்துக்கு அது தாங்குமா?

பதில்: உங்கள் கூரைக்கு டேப் வேண்டாம், ஸ்க்ரூ போடுங்கள். டேப் மட்டமானது என்பதற்காகச் சொல்லவில்லை. பைபர்கிளாஸ், அலுமினியக் கூரைகளில் நல்ல டேப் உறுதியாகவே பிடிக்கும். ரப்பர் கூரையின் அமைப்பு வேறு. அது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமனுள்ள விரிப்பு; அடியிலுள்ள மெல்லிய பிளைவுட்டில் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அதன் மேல் பேனலை ஒட்டினால், காற்று தூக்கும்போது இழுபடுவது வண்டி கட்டியபோது பூசிய அந்தப் பழைய பசை. சுவரில் ஒட்டிய வண்ணக் காகிதத்தின் மேல் அலமாரியை ஒட்டுவது போன்றது இது. டேப் விடாது, கூரை உரிந்து வரும்.

காற்றின் பலத்தைப் பலரும் குறைத்து எடைபோடுகிறார்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 48 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். 100 வாட் பேனலின் பரப்பு அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். புயல்காற்று எதிரே வீசும் நாளில் வண்டியின் வேகமும் காற்றின் வேகமும் சேர்ந்து 150-ஐத் தொட்டால், பேனல் ஒன்றுக்கு 50 கிலோவுக்கு மேல் போகும். தட்டையாகப் படுத்திருக்கும் பேனலுக்கு இத்தனையும் வராது. ஆனால் முன்விளிம்பு கொஞ்சம் கழன்று தூக்கிக்கொண்டால், பின்னால் வரும் வண்டிக்காரரின் உயிருக்கே ஆபத்து. அதனால் மோசமான நிலையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

முதலில் கூரையைச் சோதியுங்கள். அகலமான பலகை ஒன்றைப் போட்டு அதன் மேல் மண்டியிட்டு, கையால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது மெத்தென்று அமுங்கினால் அடியில் பிளைவுட் ஊறியிருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலே எதையும் மாட்டாதீர்கள்.

அடுத்தது குறுக்குச் சட்டங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் பிளைவுட்டில் மட்டும் ஏறிய ஸ்க்ரூ, வண்டியின் அதிர்வில் மெல்ல மெல்லத் துளையைப் பெரிதாக்கிக் கழன்றுவிடும். அது சட்டத்தில் இறங்க வேண்டும். சட்டங்களைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி, பனி பெய்த அதிகாலையில் ஏணி போட்டுக் கூரையைப் பார்ப்பது. சட்டம் இருக்கும் இடமும் நுரைப்பஞ்சு இருக்கும் இடமும் ஒரே மாதிரி குளிர்வதில்லை. பனித்துளிகளில் கோடுகோடாகத் தெரியும். உடனே சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். பேனலின் கால்கள் சட்டத்துக்கு நேராக அமையாவிட்டால், இரண்டு மூன்று சட்டங்களுக்குக் குறுக்காக அலுமினியத் தண்டவாளம் ஒன்றைப் பொருத்தி அதில் பேனலை மாட்டலாம். டிரில் பிட்டில் வேண்டிய ஆழத்தில் ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். உள்ளே கூரையோடு வயர்கள் ஓடுகின்றன.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். நன்றாக அடைக்கப்பட்ட துளை ஒழுகாது. உங்கள் கூரையில் காற்றுத் துவாரம், ஆன்டெனா என்று ஏற்கனவே எத்தனையோ துளைகள் இருக்கின்றன. அவை ஒழுகாமல் காப்பது சீலன்ட் என்ற அடைப்புப் பசைதான். இடத்தைச் சோப்பு நீரால் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். பெட்ரோலிய கரைப்பான் எதுவும் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும். பேனலைத் தாங்கும் பிராக்கெட்டின் அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான மெத்தென்ற ரப்பர் பட்டை) வைத்து, ஓரங்களில் அது பிதுங்கும் வரை துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவை இறுக்குங்கள். அப்புறம் தானாகவே பரவிச் சமமாகும் செல்ஃப்-லெவலிங் சீலன்ட்டை ஸ்க்ரூ தலையும் பிராக்கெட்டின் ஓரமும் முழுக்க மூடும்படி தாராளமாக ஊற்றுங்கள். கூரை விரிப்பு ஈபிடிஎம், டிபிஓ என்ற இரண்டு வகைகளில் எது என்று தெரிந்துகொண்டு, டப்பாவில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக் குளியலறைக்குப் போடும் சிலிகான் மட்டும் கூடவே கூடாது. அது ரப்பரில் சரியாகப் பிடிக்காது. பிடித்த இடத்தில் மிச்சம் ஒட்டிக்கொண்டு, பிற்பாடு வேறெந்த சீலன்ட்டையும் பிடிக்க விடாது.

பேனலுக்கு அடியில் இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இடைவெளி விடுங்கள். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சிலிக்கான் பேனலின் திறன் 0.4 சதவீதம் போலக் குறைகிறது. வெயிலில் 65 டிகிரிக்குச் சூடானால் ஆறில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். ஏசியின் நிழல் விழாத இடமாகவும் பாருங்கள். நிழல் தவிர்க்க முடியாததென்றால் இரண்டு பேனலையும் பேரலலாக, அதாவது பிளஸ்ஸோடு பிளஸ்ஸும் மைனஸோடு மைனஸும் சேரும்படி, இணையுங்கள். ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றது வேலை செய்யும். மின்னோட்டம் 11 ஆம்பியர் அளவுக்கு வருவதால் 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் போடுங்கள்.

கேபிளை உள்ளே இறக்கப் புதுத் துளை தேவைப்படாமலும் போகலாம். கேஸில் ஓடும் பிரிட்ஜ் என்றால் அதன் பின்னாலுள்ள காற்றோட்ட வழி பெரும்பாலும் கூரை வரை வரும், அந்த வழியாகவே இறக்கிவிடலாம். பர்னரிலும் புகைக்குழாயிலும் உரசாமல் தள்ளிக் கட்டுங்கள். இணைக்கும்போது, பேட்டரி சார்ஜ் ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் முதலில் பேட்டரி, பிறகு பேனல். வெளிச்சம் பட்டாலே பேனலில் மின்சாரம் வரும் என்பதால், அதுவரை அதைக் கம்பளியால் மூடி வையுங்கள். பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

முதல் நீண்ட பயணம் முடிந்ததும் மேலே ஏறி பேனலை பிராக்கெட்டோடு பிணைக்கும் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கூரையில் இறங்கிய ஸ்க்ரூக்களைத் தொட வேண்டாம், சீலன்ட் உடையும். அதன் பிறகு மழைக்காலம் தொடங்குமுன் ஆண்டுதோறும் சீலன்ட்டில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்து, விழுந்த இடத்தில் அதே வகை சீலன்ட்டைப் பூசிவிடுங்கள்.