குற்றவியல் படிக்கலாமா? மலையகத்துப் பிள்ளைகளின் கேள்விகளும் பதில்களும்

உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டால் ஹட்டன், பதுளை, கண்டிப் பக்கமிருந்து கேள்விகள் குவிந்துவிடும். இந்தத் தடவை குற்றவியலைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

குற்றவியல் படித்தால் பொலிஸ் இன்ஸ்பெக்டர் ஆகலாமா சேர்? (மாணவர், கொட்டகலை)

ஆகலாம் தம்பி, ஆனால் அதற்கு இந்தப் பட்டம் வேண்டியதில்லை. உப பொலிஸ் பரிசோதகர் வேலைக்கு வர்த்தமானியில் அறிவித்தல் வரும்போது உயர்தரத் தகுதியோடு விண்ணப்பிக்கலாம். இந்தப் பாடம் கேட்கும் கேள்விகள் வேறு: எந்தச் செயலைச் சட்டம் குற்றம் என்கிறது, யார் பிடிபடுகிறார், யார் தப்பிக்கிறார், சிறையிலிருந்து வருகிறவருக்கு அப்புறம் என்ன ஆகிறது, பாதிக்கப்பட்டவரை யார் கவனிக்கிறார்? அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்து 1939இலேயே, வறுமையை மட்டும் வைத்துக் குற்றத்தை விளக்க முடியாது, கோட்டும் டையும் போட்ட பெரிய மனிதர்கள் தொழிலுக்குள்ளேயே செய்வதும் குற்றம்தான் என்று பேசினார். இந்த மாதிரி விஷயங்களில் மனம் போகிறதென்றால் தாராளமாகப் படியுங்கள்.

இலங்கையில் எங்கே படிக்கலாம்? தமிழில் படிக்க முடியுமா? (மாணவி, தலவாக்கலை)

குற்றவியலும் குற்றவியல் நீதியும் என்று சிறப்புப் பட்டமாகப் படிக்க முதலில் பார்க்க வேண்டியது ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம். ஆனால் அங்கே தமிழ்மொழி மூலத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். தமிழில்தான் படிக்க வேண்டும் என்றால் யாழ்ப்பாணம் அல்லது கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்துக்குப் போய்ச் சமூகவியலைப் பிடித்துக்கொண்டு, ஆய்வுக் கட்டுரையைக் குற்றம், சிறை, சிறுவர் நீதி என்று திருப்பிக்கொள்வது நல்ல வழி. வீட்டுக்குக் கிட்ட வேண்டுமென்றால் பேராதனையிலும் சமூகவியல் இருக்கிறது. மொழிமூலமும் பாடங்களும் மாறும், அதனால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடத்துக் கைநூலை வரிக்கு வரி வாசித்துவிட்டு விருப்பத் தெரிவைப் போடுங்கள். பிள்ளைகள் பலர் கொம்யூனிகேஷன் கடைக்காரரிடம் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாலு வருடப் படிப்பு அந்த வரிசையில்தான் தீர்மானமாகிறது.

செலவுக்கு மஹாபொல என்ற அரச புலமைப்பரிசில் இருக்கிறது, தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்று இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் ஊடாகக் கிடைக்கும் கல்வி நிதியப் புலமைப்பரிசிலும் இருக்கிறது, இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

சட்டம் படிப்பதா, குற்றவியல் படிப்பதா? (மாணவர், பண்டாரவளை)

நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாட ஆசையென்றால் சட்டம், அதில் சந்தேகமே வேண்டாம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் மூன்றிலும் சட்டப் பட்டம் உண்டு. நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் அப்படிப்பட்ட மாவட்டங்களுக்கான 5 சதவீத மேலதிக ஒதுக்கீட்டிலும் உங்களுக்கு இடம் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. இசட் புள்ளி போதாவிட்டால் திறந்த பல்கலைக்கழகமும், நுழைவுப் பரீட்சை எழுதிப் போகும் சட்டக் கல்லூரியும் இருக்கின்றன. குற்றவியல் பட்டத்தோடு சட்டத்தரணி ஆக முடியாது. அதில் நன்னடத்தை உத்தியோகத்தர், சமுதாயஞ்சார் சீர்திருத்த உத்தியோகத்தர், சிறைச்சாலைப் புனர்வாழ்வு, சிறுவர் பாதுகாப்பு, ஆய்வு என்று பாதை வேறு பக்கம் போகும். வேலை உடனே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன், எல்லாவற்றுக்கும் போட்டிப் பரீட்சை இருக்கிறது.

தோட்டத்துக்கும் இந்தப் பாடத்துக்கும் என்ன சம்பந்தம்? (பட்டதாரி மாணவி, பசறை)

நிறைய இருக்கிறது தங்கச்சி. வரலாற்றிலிருந்து தொடங்குவோம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போவது தண்டனைக்குரிய குற்றம், பிடிபட்டால் சிறை. யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை, வேலையை விட்டு நடந்தார், அவ்வளவுதான். கங்காணிக்குக் கடன் இருந்தால் 'துண்டு' என்ற கடன் கணக்குச் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் சேரவும் முடியாது. அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். குற்றம் என்பதைச் சட்டமே உண்டாக்க முடியும் என்று பாடநூல்கள் பக்கம் பக்கமாக விளக்குவது, நம் பாட்டன் பூட்டன் காலத்தில் லயத்து வாசலிலேயே நடந்தது.

இன்றைக்கு வாருங்கள். கசிப்பு (கள்ளச் சாராய) வழக்கில் தண்டப்பணம் விதிக்கிறார்கள், கட்ட முடியாவிட்டால் உள்ளே போக வேண்டியதுதான். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் சிறைக்குப் போகிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள், நாட்கூலிக் குடும்பத்தில் அது எப்படி விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிறைக்குப் பதிலாகச் சம்பளமில்லாத சமுதாய வேலையைக் கட்டளையிட 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. உங்கள் பகுதியில் அது எத்தனை பேருக்குக் கொடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்படவில்லை, அவர்களிடம் அதைத் தமிழில் யாராவது விளக்கினார்களா? இதையே ஆய்வுத் தலைப்பாக எடுங்கள். தோட்டத்துக்குள் ஆளைத் தெரிந்து, வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசக்கூடிய உங்களைப் போன்ற ஒருவர் செய்தால்தான் அது உருப்படியாக வரும்.

எனக்குச் சிங்களம் அவ்வளவாக வராது, சமாளிக்கலாமா? (மாணவர், மஸ்கெலியா)

படிப்பைச் சமாளிக்கலாம், வேலையைச் சமாளிக்க முடியாது. வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்ற வேலை நடப்பது சிங்களத்தில். தமிழில் பங்கெடுக்கவும், அரச செலவில் உரைபெயர்ப்பைப் பெறவும் அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரை உரிமை தருகிறது, ஆனால் உரிமை எழுத்தில் இருந்தால் மட்டும் வழக்குச் சரியாக நடந்துவிடாது. ஒரு பெண் பொலிஸுக்குப் போகிறார், நடந்ததைத் தமிழில் சொல்கிறார், எழுதுபவர் தனக்குப் புரிந்த அளவில் சிங்களத்தில் எழுதுகிறார், வாசித்துக் காட்டினாலும் அந்தப் பெண்ணுக்கு விளங்காது, கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் கழித்துச் சாட்சிக் கூண்டில் நிற்கும்போது, "அன்றைக்கு நீங்கள் இப்படிச் சொல்லவில்லையே" என்று அதே வாக்குமூலத்தைக் காட்டி எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முரண்பாடு குறிக்கிறார். அந்தப் பெண் பொய் சொன்னவர் ஆகிவிடுகிறார். இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. இரண்டு மொழியும் சரளமாக வரும் ஒரு உத்தியோகத்தர், ஒரு நீதிமன்ற முதலியார் (உரைபெயர்ப்பாளர்) அந்த இடத்தில் இருந்தால் கதையே வேறு. அதனால் முதலாம் வருடத்திலேயே சிங்களத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பேச மட்டுமில்லாமல் கையெழுத்துப் பிரதியை வாசிக்கவும்.

மகள் இதைத்தான் படிப்பேன் என்கிறாள். பெண் பிள்ளைக்குச் சரிவருமா? (தாயார், நாவலப்பிட்டி)

சரிவரும் அம்மா. 2005இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது, அதன் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவானிடம் போகலாம் என்பதே லயங்களில் பல பெண்களுக்குத் தெரியாது. அடிபட்ட பெண்ணோ பயந்துபோன பிள்ளையோ முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் இன்னொரு பெண்ணிடம்தான். படிக்க விடுங்கள்.

டீஎன்ஏ, கைரேகை ஆய்வுதான் எனக்குப் பிடிக்கும். (மாணவி, நுவரெலியா)

அப்படியானால் கலைப்பிரிவுக்குப் போகாதீர்கள். அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு விஞ்ஞானப் பட்டம் வேண்டும், சட்ட வைத்திய அதிகாரி ஆக முதலில் வைத்தியம் படிக்க வேண்டும்.

தனியார் நிறுவனமொன்று குறுகிய காலத்தில் குற்றவியல் டிப்ளோமா என்கிறது, சேரலாமா? (மாணவர், கம்பளை)

ஆர்வத்துக்குப் படிப்பதென்றால் சரி. அரச வேலையை நம்பிக் காசு கட்டுவதென்றால், எந்த ஆட்சேர்ப்புத் திட்டத்தில் இந்தச் சான்றிதழை ஏற்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகம் திறக்கும்வரை என்ன செய்யலாம்? (மாணவர், ஹட்டன்)

நீதவான் நீதிமன்றம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, காலையில் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். சில வகை வழக்குகளைத் தவிர, விசாரணை பகிரங்கமாக நடக்க வேண்டும் என்பதே சட்டம். துப்புரவாக உடுத்துங்கள், போனை அணைத்துவிடுங்கள். யாருக்குச் சட்டத்தரணி இருக்கிறார், யார் தனியாக நிற்கிறார், யாருக்குப் பிணை கிடைத்தது, பிணை கிடைத்தும் கையெழுத்து வைக்க ஆளில்லாமல் யார் திரும்ப விளக்கமறியலுக்குப் போகிறார் என்று கவனித்து, வெளியே வந்ததும் பெயர்களை விட்டுவிட்டுக் கொப்பியில் எழுதுங்கள். வாசலில் யாராவது எதற்கு வந்தாய் என்று கேட்டால் வழக்குப் பார்க்க வந்தேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.